ஹெல்மெட்டுக்குள் இருந்த ஈரத் துண்டு

போன வருடம் மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில் நேரத்தில், முதலியார்பேட்டையில் ஒரு பார் வாசலில் நான் விழுந்து கிடந்தேன். வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. சட்டையெல்லாம் வாந்தி. இதைப் படிக்கிற நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த வழியாகப் போன அத்தனை பேரும் அதைத்தான் நினைத்தார்கள்.

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த ஒருவன் இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள், உள்ளூர்க்காரர்கள் இன்னும் நம்ப மாட்டார்கள். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எங்கே போனாலும் யாராவது ஒரு டம்ளரைக் கையில் திணிப்பார்கள். நான் வாங்க மாட்டேன். அதோடு விட்டாலும் பரவாயில்லை, வாங்கினவர்களைப் பிடித்து உட்காரவைத்துப் புத்தி சொல்லிவிட்டுத்தான் நகருவேன். “நீங்க வர்றதப் பாத்தாலே சனங்க டம்ளர முதுகுக்குப் பின்னால மறைக்கிறாங்க” என்று என் மனைவி கிண்டல் செய்வாள். எனக்கு அதில் பெருமைதான். இப்போதும் பெருமைதான்.

சாரம் பகுதியில் எங்கள் வீடு. அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடினதும் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு மாடு வாங்கிவிட்டார். அவருக்குப் பிறகு நான். பள்ளிக்கூட வேன் ஓட்டுவது என் வேலை. காலையிலும் சாயங்காலமும் மாடுதான் என் உலகம். மூன்று மாடு இருக்கிறது. மிஷின் கிஷின் எல்லாம் வைத்துக்கொள்ளவில்லை, மூன்றையும் கையால்தான் கறக்கிறேன். என் பாலில் தண்ணீர் என்று இதுவரை ஒரு வாய் சொன்னதில்லை.

மழை விட்டு வெயில் காய ஆரம்பித்தால் மாட்டுக்கு உண்ணி வந்துவிடும். காது மடல், வால் அடி, மடிக்குப் பக்கத்துத் தோல் என்று ஒளிந்துகொண்டு ரத்தம் குடிக்கும். கறவை மாடு இரண்டுக்கும் நான் மருந்து போடுவதில்லை. மருந்து பாலில் இறங்கும் என்பதால் கையாலேயே பிடுங்கி நெருப்பில் போட்டுவிடுவேன். மூன்றாவது மாடான செவலை மட்டும் அப்போது கறவை வற்றி நின்றது. அதன் மேல்தான் உண்ணியும் அதிகம். சரி, இதற்கு மருந்தே போட்டுவிடலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தேன்.

நான் ஒன்றும் அஜாக்கிரதையான ஆள் இல்லை. விஷம் என்று தெரிந்துதான் பாட்டிலைத் திறந்தேன். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் கவர் மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டேன். மூக்கை மூடி மாஸ்க். பழைய முழுக்கைச் சட்டை. மனைவியைக் கொட்டகைப் பக்கமே வரவிடவில்லை. தலையில் எப்போதும் போலத் துண்டைச் சுற்றி முண்டாசு கட்டியிருந்தேன். போன தடவை மருந்துக்கு உண்ணி சரியாக உதிரவில்லை என்பதால் இந்தத் தடவை கொஞ்சம் கெட்டியாகவே கலக்கினேன். முதுகில் ஊற்றினேன், அது விலாவில் வழிந்து இறங்கியது. மடிப் பக்கம் துணியால் தொட்டுத் தடவ வேண்டும், அதனால் செவலைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

தப்பு நடந்தது அங்கேதான். பால் கறக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மாட்டோரமாக உட்கார்ந்ததும் தலையைக் கொண்டுபோய் அதன் விலாவில் சாய்த்துக்கொள்வோம். மாடு காலைத் தூக்கப்போகிறது என்றால் கைக்குத் தெரிவதற்கு முன்னால் அந்தத் தலைக்குத் தெரிந்துவிடும். சின்ன வயதிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு வேளை இப்படி உட்கார்ந்து பழகின உடம்பு இது. கறக்க உட்கார்ந்தோமா, மருந்து தடவ உட்கார்ந்தோமா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. நான் உட்கார்ந்தேன், தலை தானாகப் போய் மருந்து வழிகிற விலாவில் சாய்ந்துகொண்டது. மடி முழுக்கத் தடவி முடிக்கிறவரைக்கும் நான் அதை உணரவே இல்லை.

முடிந்ததும் கவரைக் கழற்றிப் புதைத்தேன். சோப்பு போட்டுக் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். சட்டையை மாற்றினேன். தலையில் இருந்த துண்டை மட்டும் அவிழ்க்கவில்லை. முதலியார்பேட்டையில் ஒரு தீவனக் கடையில் பிண்ணாக்கு நன்றாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் சாத்திவிடுவார்கள். அந்த அவசரத்தில் மொபெட்டை எடுத்தேன். ஹெல்மெட் கெடுபிடி நடந்துகொண்டிருந்த நேரம். எனக்குப் போலீஸ்காரரிடம் பல்லைக் காட்டி நிற்கப் பிடிக்காது. முண்டாசுக்கு மேலேயே ஹெல்மெட்டை அழுத்தி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். துண்டு ஈரமாக இருந்தது, வியர்வை என்று நினைத்துக்கொண்டேன். மருந்து வாடை அடித்தது, மாட்டைத் தொட்டால் அடிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

நெல்லித்தோப்பு சிக்னலில் நின்றபோது சிவப்பு விளக்கு மங்கலாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன், அப்போதும் மங்கல்தான். தலை விண்ணென்று வலித்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாததால் இருக்கும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டு கடைவரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டேன். அங்கே ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டினேன். முண்டாசு தலையிலேயே இருந்தது. பிண்ணாக்கு எடை போடச் சொல்லிவிட்டு நிற்கிறேன், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே வருகிறது. துப்பத் துப்ப ஊறுகிறது. குளித்துவிட்டு வந்தவன் போல வேர்க்கிறது. வயிற்றை யாரோ பிடித்து முறுக்குகிற மாதிரி ஒரு வலி.

கொஞ்சம் நிழலில் உட்காரலாம் என்று வெளியே வந்தேன். அந்தத் தெருவில் நிழல் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் இருந்த பாரின் தகரக் கொட்டகை. வேறு வழியில்லாமல் போய் அதன் படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வாந்தி வந்தது. அதற்குப் பிறகு எழுந்திருக்க முடியவில்லை. தொடைச் சதை தன்பாட்டுக்குத் துடித்தது. கண் இமையும் துடித்தது. பேச முயன்றேன், நாக்கு குழறியது. மாடு, மருந்து என்ற இரண்டு வார்த்தைதான் வெளியே வந்தது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “மாட்டு மருந்துன்னு புதுச் சரக்கு எதுனா வந்திருக்காடா?” என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் போனை நீட்டி வீடியோ எடுத்தார். என் வேனில் பிள்ளையை அனுப்புகிற ஒரு அம்மா அந்தப் பக்கமாக வந்தவர் நின்று பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். என்னிடம் பல வருடமாகப் பால் வாங்குகிற ஒருவர் குனிந்து பார்த்து, “அட, நம்ம பால்காரரு. இவருமா?” என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன். இத்தனை நாள் என் பேச்சுக்குத் தலையாட்டினவர்தான். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் கடைசியில் மாட்டிக்கொண்டான் என்பதில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி.

எனக்கு நன்றாகக் காது கேட்டது. புத்தியும் தெளிவாக இருந்தது. மூச்சுதான் இழுக்க இழுக்கப் பாதியில் நின்றது. நான் சாகப்போகிறேன், இவர்கள் பார்த்துக்கொண்டு சிரிக்கிறார்கள், நாளைக்கு என் மனைவி தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. குடித்தவன் அழுவது சகஜம் என்பதால் அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் பாரின் உள்ளேயிருந்து என் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்தார். அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளைச்சாவடி மீனவக் கிராமத்தில் பிறந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு சாரத்துக்கு வந்துவிட்டார். மீன் மார்க்கெட்டில் பெட்டி இறக்கும் வேலை. விடிகாலையில் ஆரம்பித்து முற்பகலுக்குள் வேலை முடிந்துவிடும், முடிந்த கையோடு குடிக்கப் போய்விடுவார். என்னிடம் அதிகம் திட்டு வாங்கின ஆள் அவர்தான். வாசலில் வைத்துத் திட்டியிருக்கிறேன், அவர் பெண்டாட்டி எதிரிலேயே திட்டியிருக்கிறேன். சாரத்தில் குடித்தால் நான் பார்த்துவிடுவேன் என்று முதலியார்பேட்டைக்கு வந்து குடிக்க ஆரம்பித்திருக்கிறார். இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவரைப் பார்த்ததும் என் கதை முடிந்தது என்று நினைத்தேன். இந்த ஒரு நாளுக்காக எத்தனை வருடம் காத்திருந்திருப்பார். ஆனால் அவர் சிரிக்கவில்லை. தள்ளாடிக்கொண்டே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“அண்ணே, ஊது” என்றார். வண்டியை நிறுத்தி போலீஸ்காரர்கள் கேட்பது போலவே.

ஊதினேனா என்று தெரியவில்லை. என் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “இவரு குடிக்கலப்பா” என்றார்.

“நீ சொல்றியா?” என்று யாரோ கேட்க எல்லோரும் சிரித்தார்கள்.

“நான் சொல்லாம வேற யாரு சொல்றது? குடிக்கிறவன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாதா? வாயில வாடையே இல்ல. எச்சியப் பாரு, கொழா தொறந்த மாதிரி ஊத்துது. இது வேற இன்னாவோ.”

அதற்குள் தீவனக் கடைக்காரர் என் மனைவிக்குப் போன் போட்டு, உங்கள் வீட்டுக்காரர் பார் வாசலில் கிடக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் அந்தப் போனைப் பிடுங்கினார். “அண்ணி, காலைலேந்து அண்ணன் இன்னா செஞ்சாரு, அத மட்டும் சொல்லு.” எதிர்முனையில் மனைவி என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் என் முண்டாசைத் தொட்டார். கையை மூக்கில் வைத்துப் பார்த்தார். அடுத்த நொடி அந்தத் துண்டை உருவித் தூர எறிந்தார்.

“மாட்டுக்குப் போட்ட உண்ணி மருந்து முழுக்க இவரு தலையில ஊறிக் கெடக்குது, அண்ணி. அந்த பாட்டில எடுத்துக்கினு ஆஸ்பத்திரிக்கு வா.”

பாரில் கை கழுவுகிற இடத்திலிருந்து சோப்பும் தண்ணீர் கேனும் எடுத்துவந்து என் தலையில் ஊற்றித் தேய்த்தார். தேய்த்த வேகத்தில் மண்டை பிய்ந்துவிடும் போல இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் ஓடிவந்து தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்கள். வீடியோ எடுத்தவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு என் காலைப் பிடித்துத் தூக்கினார். மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை. யாராவது ஒருவர் முதலில் ஆரம்பித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வந்த ஆட்டோக்காரர் என்னைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பப் பார்த்தார். வாந்தி எடுத்தால் யார் கழுவுவது என்பது அவர் கவலை. எதிர்வீட்டுக்காரர் தன் சட்டையைக் கழற்றி சீட்டில் விரித்தார். “இதுல எடுக்கட்டும். மிச்சத்த நான் கழுவித் தரேன். வண்டிய எடு” என்றார். வழியெல்லாம் என் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடு, மூச்சு விடு என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் மேல் அடித்த வாடை என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் வெறுத்த வாடை. அன்றைக்கு அது பக்கத்தில் இருக்கிறவரை நான் சாகமாட்டேன் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து நடந்தது. சட்டையில்லாமல், சரக்கு வாடையோடு, தள்ளாடியபடி ஒருவர் உள்ளே வந்ததும் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் அவரைப் பிடித்துப் படுக்கவைக்கப் பார்த்தார். “நான் இல்லீங்க, இவரு” என்று அவர் என்னைக் காட்டிய பிறகுதான் ஆள் மாறியது. டூட்டியில் இருந்தது ஒரு இளவயது டாக்டரம்மா. என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கண்மணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்று நர்சிடம் சொன்னார். “மருந்து குடிச்சாரா?” என்று கேட்டார். குடிகாரன் பட்டம் போய் இப்போது தற்கொலைப் பட்டம்.

அந்த நேரம் என் மனைவி பாட்டிலைக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று டாக்டர் அவளைத் தனியாக அழைத்துக் கேட்டிருக்கிறார். “எங்க வூட்ல இருக்குற ஒரே பிரச்சினை இவரு வாய் மூட மாட்டாருங்கறதுதான் டாக்டர். அது இப்ப மூடிக் கெடக்குது, எப்படியாச்சும் தெறக்க வைங்க” என்றாளாம். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாளாம்.

பாட்டிலைப் பார்த்ததும் மளமளவென்று காரியம் நடந்தது. என் தலையை மறுபடியும் அலசினார்கள். ஊசி மேல் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வாயில் ஊறிக்கொண்டிருந்த எச்சில் சுத்தமாக வற்றி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூச்சு முழுசாக உள்ளே போய் வெளியே வந்தது. மூச்சு விடுவது அவ்வளவு ருசியான விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சில நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். இந்த மாதிரி மருந்து வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்று இல்லை, தோல் வழியாகவும் உள்ளே போய்விடும், அதுவும் தலையில் ஈரத்துணியாகச் சுற்றி மேலே ஹெல்மெட்டால் மூடி வைத்தால் கேட்கவே வேண்டாம் என்று டாக்டரம்மா விளக்கினார். அந்தத் துண்டு இன்னும் கொஞ்ச நேரம் தலையில் இருந்திருந்தால் தங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்த அன்று மனைவி ஒன்று சொன்னாள். “கடைக்காரரு போன் பண்ணப்ப ஒரு நிமிசம் நானும் நம்பிட்டேங்க. எல்லாரும் மாதிரி நீங்களும் ஆயிட்டீங்கன்னு.” எனக்குச் சுருக்கென்றது. கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் மறைக்காமல் சொன்னாளே, அதற்காகவே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் பார்க்க வந்தார். அன்றைக்கும் கொஞ்சம் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். அவருக்கு ஒரு புதுச் சட்டை எடுத்து வைத்திருந்தேன், கொடுத்தேன். பிறகு, என் மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். “கட்டின பொண்டாட்டியே ஒரு நிமிசம் நம்பிட்டா. என்னைத் தெரிஞ்ச அத்தனை பேரும் நம்பிட்டாங்க. ஒனக்கு மட்டும் எப்படித் தம்பி சந்தேகம் வந்துச்சு? மோந்து பாக்கணும்னு ஏன் தோணுச்சு?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “இது இன்னாண்ணே கேள்வி? நீ குடிக்க மாட்டேன்னு நீதான தெனம் என்னாண்ட சொல்ற. இத்தினி வருசமா நின்னு கேட்டுக்கினு இருக்கேன். அத நம்பாம வேற எத நம்புறது?”

என் பேச்சுக்குத் தலையாட்டியவர்கள் எவ்வளவோ பேர். அவர்களில் ஒருவர்கூட என் வார்த்தையை ஒரு நாளும் நம்பியிருக்கவில்லை. எவனுக்கு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போகிறது என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அவன் ஒருவன்தான் ஒவ்வொரு வார்த்தையையும் நம்பிக் கேட்டிருக்கிறான்.

குடியைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. அவரை இன்றைக்கும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், அவரும் நின்று கேட்டுவிட்டுத்தான் குடிக்கப் போகிறார். செவலைக்கு மருந்து போடுகிற நாளில் உட்காருவதே இல்லை, நீளக் குச்சியில் துணியைக் கட்டி நின்றபடி தடவுகிறேன். தலையில் பிளாஸ்டிக் தொப்பி வேறு. முடிந்ததும் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் வாசல்படி தாண்டுவதில்லை. இதெல்லாம் யாரும் கற்றுக்கொள்ளக் கூடியதுதான்.

கற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது இன்னொன்று. நம் ஊரில் தெருவோரமாக யாராவது விழுந்து கிடப்பதற்குப் பஞ்சமில்லை. முன்பெல்லாம் வேனை ஒடித்துத் திருப்பி, நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவேன். இப்போது இறங்கிவிடுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, கூச்சப்படாமல் அவர்கள் வாயை மோந்து பார்க்கிறேன். எப்போதும் சரக்கு வாடைதான் அடிக்கிறது, இதுவரை ஒரு தடவைகூட வேறெதுவும் அடித்ததில்லை. இருந்தாலும் அடுத்த ஆளையும் மோந்து பார்க்காமல் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை, ஏனென்றால் அங்கே கிடப்பது நானாக இருக்கலாம் என்பது இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.